அணிசேரா இந்தியாவும் அமெரிக்காவுடனான அடிப்படைப் பாதுகாப்பு ஒப்பந்தங்களும்

அணிசேராமையைத் தன் வெளியுறவுக் கொள்கையின் அடித்தளமாகக் கொண்ட இந்தியா, 2002 முதல் 2020 வரையிலான காலத்தில் அமெரிக்க ஐக்கிய நாடுகளுடன் நான்கு அடிப்படைப் பாதுகாப்பு ஒப்பந்தங்களைச் செய்துகொண்டது. படைத்துறைத் தகவல் பாதுகாப்பு, தளவாட உதவி, மறைகுறித் தகவல்தொடர்பு, புவியிடத் தரவு ஆகியவை அந்த நான்கின் பொருள்கள். இவற்றுடன், இந்தியா, அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா ஆகிய நான்கு நாடுகளின் குவாட் எனப்படும் நாற்கரக் கூட்டமைப்பிலும், மலபார் கடற்படைப் பயிற்சியிலும், பகுரைனைத் தலைமையிடமாகக் கொண்ட ஒருங்கிணைந்த கடற்படைப் பிரிவுகளிலும் இந்தியா பங்கேற்கிறது.

இவற்றுள் எதுவும் படைக்கூட்டணி ஒப்பந்தம் அன்று. ஒரு நாடு தாக்கப்பட்டால் மற்றொரு நாடு போரிட வேண்டும் என்ற விதி இவற்றுள் எதிலும் இல்லை. ஆயினும், பிற நாட்டின் போர்க்கப்பலுக்கு எரிபொருள் தருவதும், பிற நாட்டின் மறைகுறிக் கருவியைத் தன் வானூர்தியில் பொருத்துவதும் அணிசேராமைக்குப் பொருந்துமா என்ற வினா இந்தியாவில் நெடுங்காலம் எழுப்பப்பட்டது. அதனாலேயே முதல் ஒப்பந்தத்துக்கும் நான்காவது ஒப்பந்தத்துக்கும் இடையே 18 ஆண்டுகள் கடந்தன.

நடுநிலைமையும் அணிசேராமையும்

இவ்விரு சொற்களும் ஒரே பொருளில் வழங்கப்படுவதுண்டு. ஆனால் இரண்டுக்கும் வேறுபாடு உள்ளது.

நடுநிலைமை என்பது போரில் எந்தப் பக்கமும் சேராத நாட்டின் சட்ட நிலை. சுவிட்சர்லாந்தின் நிரந்தர நடுநிலைமையை ஐரோப்பிய வல்லரசுகள் 1815 இல் ஏற்றுக்கொண்டன. ஆஸ்திரியா 1955 அக்டோபர் 26 அன்று தன் நிரந்தர நடுநிலைமையை அரசமைப்புச் சட்டமாகவே இயற்றியது. இத்தகைய நாடுகள் படைக்கூட்டணிகளில் சேர்வதில்லை. ஆஸ்திரியச் சட்டம் தன் மண்ணில் அந்நியப் படைத்தளங்கள் அமைவதையும் தடுக்கிறது.

அணிசேராமை என்பது சட்ட நிலை அன்று. அது ஒரு கொள்கை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் உலகம் அமெரிக்க அணி, சோவியத் அணி என இரண்டாகப் பிரிந்தபோது, எந்த அணியிலும் சேராமல் ஒவ்வொரு சிக்கலையும் அதன் தகுதியைப் பார்த்து முடிவு செய்வோம் என்பது சவகர்லால் நேருவின் நிலைப்பாடு. 1955 ஏப்ரலில் இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் கூடின. 1961 செப்டம்பரில் யூகோசுலாவியாவின் பெல்கிரேடு நகரில் அணிசேரா நாடுகளின் முதல் உச்சி மாநாடு நடைபெற்றது.

எனவே இந்தியா தன்னைச் சுவிட்சர்லாந்தைப் போன்ற நடுநிலை நாடாக ஒருபோதும் அறிவித்ததில்லை. அது காக்க விரும்பியது முடிவெடுக்கும் உரிமையை. பின்வந்த ஒப்பந்தங்கள் ஒவ்வொன்றும் இந்த உரிமை குறைகிறதா இல்லையா என்ற அளவுகோலைக் கொண்டே எடைபோடப்பட்டன.

முன்வரலாறு

அணிசேராமை என்பது யாரிடமும் உதவி கேளாமை என்று பொருள்படவில்லை. 1962 இல் சீனாவுடன் போர் மூண்டபோது, நவம்பர் 19 அன்று நேரு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடிக்கு மடல் எழுதி வான்படை உதவி கோரினார். அமெரிக்காவும் பிரித்தானியாவும் படைக்கருவிகளை அனுப்பின. ஆனாலும் இந்தியா அவற்றுடன் படைக்கூட்டணி அமைக்கவில்லை.

1971 ஆகஸ்ட் 9 அன்று, வங்கதேச விடுதலைப் போருக்குச் சில மாதங்கள் முன்பு, இந்தியாவும் சோவியத் ஒன்றியமும் 20 ஆண்டுக்கான அமைதி, நட்பு, ஒத்துழைப்பு உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. இரு நாடுகளில் ஒன்று தாக்கப்பட்டாலோ தாக்குதல் அச்சத்துக்கு உள்ளானாலோ உடனே கலந்து பேச வேண்டும் என்று அதன் ஒன்பதாம் பிரிவு கூறியது. இது அணிசேராமைக்கு முரணானது என்று அப்போது பலர் கூறினர். கலந்து பேசுவது கடமையே தவிர, போரிடுவது கடமை அன்று என்பது இந்திய அரசின் விடை. இதே வாதம் 45 ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்க ஒப்பந்தங்களுக்கும் பயன்பட்டது.

1991 வளைகுடாப் போரின்போது, சந்திரசேகர் தலைமையிலான அரசு அமெரிக்கப் படை வானூர்திகள் இந்திய வானூர்தி நிலையங்களில் எரிபொருள் நிரப்பிக்கொள்ள அனுமதித்தது. அப்போது இரு நாடுகளுக்கும் இடையே தளவாட ஒப்பந்தம் எதுவும் இல்லை. அந்த அரசுக்கு வெளியிலிருந்து ஆதரவு அளித்த காங்கிரசு கட்சி எதிர்ப்புத் தெரிவித்ததால் பிப்ரவரியில் இந்த ஏற்பாடு நிறுத்தப்பட்டது. ஒப்பந்தம் இல்லாமலும் உதவி தரப்படலாம் என்பதும், அரசியல் எதிர்ப்பு வந்தால் அது நிற்கும் என்பதும் இந்நிகழ்ச்சியால் தெரியவந்தன.

முதல் அடிகள்

1991 இறுதியில் சோவியத் ஒன்றியம் கலைந்தது. இந்தியாவுக்குப் பெரும்பாலான படைக்கருவிகளை வழங்கிவந்த நாடு இல்லாமல் போனது. 1992 மே மாதம் இந்திய, அமெரிக்கக் கடற்படைகள் முதன்முறையாக மலபார் என்ற கூட்டுப் பயிற்சியை நடத்தின. 1998 மே மாதம் பொக்ரானில் இந்தியா அணுவெடிச் சோதனை நடத்தியதால் அமெரிக்கா தடைகளை விதித்தது. மலபார் பயிற்சியும் நின்றது. 2002 இல் அது மீண்டும் தொடங்கியது. அதே ஆண்டு சனவரியில் முதல் அடிப்படை ஒப்பந்தமான படைத்துறைத் தகவல் பாதுகாப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது.

2004 திசம்பர் 26 அன்று ஏற்பட்ட ஆழிப்பேரலை தமிழ்நாட்டுக் கடற்கரையில் நாகப்பட்டினம் முதல் கன்னியாகுமரி வரை பேரழிவை விளைவித்தது. தன் கரையிலேயே மீட்புப் பணி நடந்துகொண்டிருந்தபோதும் இந்தியக் கடற்படை இலங்கை, மாலத்தீவு, இந்தோனேசியா ஆகிய நாடுகளுக்கு உதவிக் கப்பல்களை அனுப்பியது. இந்தியா, அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா ஆகிய நான்கும் மீட்புப் பணியை ஒருங்கிணைக்க ஒரு குழுவாகச் செயல்பட்டன. பின்னாளில் குவாட் எனப் பெயர்பெற்ற கூட்டமைப்பின் தொடக்கம் இதுவே.

2005 சூன் 28 அன்று பாதுகாப்பு அமைச்சர் பிரணாப் முகர்சி, அமெரிக்கப் பாதுகாப்புச் செயலர் டொனால்டு ரம்சுபெல்டு ஆகியோர் பத்தாண்டுக்கான பாதுகாப்பு உறவுக் கட்டமைப்பில் கையெழுத்திட்டனர்.

தயக்கத்தின் ஆண்டுகள்

2007 செப்டம்பரில் வங்காள விரிகுடாவில் நடந்த மலபார் பயிற்சியில் இந்தியா, அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா, சிங்கப்பூர் ஆகிய ஐந்து நாடுகள் பங்கேற்றன. மன்மோகன் சிங் அரசுக்கு வெளியிலிருந்து ஆதரவு அளித்துவந்த இடதுசாரிக் கட்சிகள் இதை எதிர்த்துச் சென்னையிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் விசாகப்பட்டினம் நோக்கிப் பரப்புரைப் பயணம் மேற்கொண்டன. சீனாவும் தன் அதிருப்தியைத் தெரிவித்தது. 2008 இல் ஆஸ்திரேலியா விலகிக்கொண்டதால் நாற்கரப் பேச்சு அத்துடன் நின்றுபோனது.

மீதமுள்ள மூன்று ஒப்பந்தங்களுக்கான வரைவுகளை அமெரிக்கா பலமுறை முன்வைத்தது. 2006 முதல் 2014 வரை பாதுகாப்பு அமைச்சராக இருந்த ஏ. கே. அந்தோணி காலத்தில் அவை கையெழுத்தாகவில்லை. ஆனால் அமெரிக்காவிலிருந்து வானூர்திகள் வாங்குவது தொடர்ந்தது. மறைகுறித் தகவல்தொடர்பு ஒப்பந்தம் இல்லாததால், இந்தியா வாங்கிய சி-130ஜே சரக்கு வானூர்தியிலும் பி-8ஐ கடல்சார் கண்காணிப்பு வானூர்தியிலும் சில அமெரிக்கக் கருவிகள் நீக்கப்பட்டு, சந்தையில் கிடைக்கும் கருவிகளும் இந்தியக் கருவிகளும் பொருத்தப்பட்டன. தயக்கத்துக்குக் கொடுத்த விலை இது. மறைகுறித் திறவு பிற நாட்டின் கையில் போகாமல் காத்ததற்கான விலை என்றும் இதைக் கூறலாம்.

நான்கு ஒப்பந்தங்கள்

1. படைத்துறைத் தகவல் பாதுகாப்பு ஒப்பந்தம் (ஜிசோமியா), 2002 சனவரி. ஒரு நாடு மற்றொரு நாட்டுக்குத் தரும் மந்தணத் தகவலைப் பெறும் நாடு எவ்வாறு காக்க வேண்டும் என்பதை இது வரையறுக்கிறது. எந்தத் தகவலைத் தர வேண்டும் என்று இது கூறுவதில்லை. 2019 திசம்பரில் இதனுடன் தொழில் பாதுகாப்பு இணைப்பு ஒன்று சேர்க்கப்பட்டது. அதன்படி தனியார் படைக்கருவி நிறுவனங்களும் மந்தணத் தொழில்நுட்பத் தகவலைப் பெறலாம்.

2. தளவாடப் பரிமாற்ற ஒப்பந்தம் (லெமோவா), 2016 ஆகஸ்ட் 29. பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கர், அமெரிக்கப் பாதுகாப்புச் செயலர் ஆஷ்டன் கார்ட்டர் ஆகியோர் வாசிங்டனில் இருந்தபோது இது கையெழுத்தானது. உணவு, குடிநீர், தங்குமிடம், எரிபொருள், உடை, மருத்துவம், உதிரிப்பாகம், பழுதுபார்ப்பு, துறைமுகப் பணி முதலியவற்றை இரு நாட்டுப் படைகளும் ஒன்றுக்கொன்று வழங்க இது வழிசெய்கிறது. பெறுபவர் அதற்கு ஈடு செய்ய வேண்டும்.

இதைப் புரிந்துகொள்ள ஓர் எளிய எடுத்துக்காட்டு: கம்பத்திலிருந்து குமுளி வழியாகக் கேரளத்துக்குக் காய்கறி ஏற்றிச் செல்லும் லாரியின் உரிமையாளர், வழியில் உள்ள எரிபொருள் நிலையத்தில் கணக்கு வைத்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் ஓட்டுநர் பணம் எண்ணித் தர வேண்டியதில்லை. பற்று எழுதிக்கொண்டு மாதக் கடைசியில் தீர்க்கலாம். அதனால் அந்த நிலையம் லாரி உரிமையாளருக்குச் சொந்தமாகிவிடாது. இன்று எரிபொருள் தர இயலாது என்று சொல்லும் உரிமையும் நிலையத்தாருக்கு உண்டு. லெமோவா இத்தகைய பற்று வரவு ஏற்பாடே.

அனுமதி பெற்ற துறைமுக வருகை, கூட்டுப் பயிற்சி, படைப் பயிற்சி, பேரிடர் மீட்பு ஆகிய நான்கு சூழல்களுக்கு இது பொருந்தும். வேறு எந்தச் சூழலிலும் ஒவ்வொரு முறையும் இந்திய அரசு தனியாக முடிவு செய்யும். படைத்தளம் அமைக்கவோ கூட்டு நடவடிக்கையில் ஈடுபடவோ இந்தியாவுக்கு எந்தக் கடமையும் இல்லை என்று பாதுகாப்பு அமைச்சகம் கையெழுத்தின்போது அறிவித்தது. 2020 செப்டம்பரில் வட அரபிக்கடலில் ஐ.என்.எஸ். தல்வார் கப்பல் அமெரிக்காவின் யூகான் என்ற எண்ணெய்க் கப்பலிலிருந்து எரிபொருள் நிரப்பிக்கொண்டது. அதே மாதம் அமெரிக்கக் கடற்படையின் பி-8 வானூர்தி ஒன்று அந்தமானில் போர்ட் பிளேரில் இறங்கி எரிபொருள் பெற்றது.

3. தகவல்தொடர்பு ஒத்திசைவு, பாதுகாப்பு ஒப்பந்தம் (காம்காசா), 2018 செப்டம்பர் 6. இரு நாடுகளின் வெளியுறவு, பாதுகாப்பு அமைச்சர்கள் ஒன்றாகக் கூடிய முதல் கூட்டத்தில், புது தில்லியில் இது கையெழுத்தானது. மதுரையில் பிறந்த நிர்மலா சீதாராமன் அப்போது பாதுகாப்பு அமைச்சர். சுஷ்மா சுவராஜ் வெளியுறவு அமைச்சர். அமெரிக்கா தான் விற்கும் வானூர்திகளில் மறைகுறித் தகவல்தொடர்புக் கருவிகளைப் பொருத்தித் தர இந்த ஒப்பந்தம் சட்ட அடிப்படை ஆகிறது. இந்தியாவின் ஒப்புதல் இன்றி இக்கருவிகள் வழியாகப் பெறப்படும் தரவு வேறு எவருக்கும் தரப்படாது என்ற உறுதிமொழி இதில் உண்டு. இதன் காலம் பத்தாண்டு.

4. புவியிட ஒத்துழைப்பு ஒப்பந்தம் (பெக்கா), 2020 அக்டோபர் 27. வரைபடங்கள், கடல் வழிப் படங்கள், வான் வழிப் படங்கள், செயற்கைக்கோள் படங்கள், புவியீர்ப்பு, புவிக்காந்தத் தரவு ஆகியவற்றைப் பகிர்வதற்கானது. ஏவுகணையும் ஆளில்லா வானூர்தியும் இலக்கைப் பிழையின்றி அடைய இத்தகைய தரவு தேவை. 2020 சூன் மாதம் கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையுடன் நடந்த மோதலில் 20 இந்திய வீரர்கள் உயிரிழந்தனர். நீண்ட நாள் நிலுவையில் இருந்த இந்த ஒப்பந்தம் அதற்கு நான்கு மாதங்களுக்குப் பின் கையெழுத்தானது.

பிற நாடுகளுடன் அமெரிக்கா செய்துகொள்ளும் பொது வரைவை இந்தியா அப்படியே ஏற்கவில்லை. தளவாட ஒப்பந்தத்தின் பெயரும் தகவல்தொடர்பு ஒப்பந்தத்தின் பெயரும் வாசகமும் இந்தியாவுக்கென மாற்றப்பட்டன. பத்தாண்டுக்கு மேலான பேச்சில் இந்தியா பெற்ற பயன் இது.

தமிழ்நாட்டில் இதன் சுவடுகள்

இந்த ஒப்பந்தங்கள் தொலைவில் உள்ள தலைநகர்களில் கையெழுத்தானாலும் அவற்றின் நடைமுறையைத் தமிழ்நாட்டில் மூன்று இடங்களில் காணலாம்.

அரக்கோணம்: இங்குள்ள ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை வானூர்தித் தளம் 1992 இல் தொடங்கப்பட்டது. சோவியத் ஒன்றியத்திடம் வாங்கிய து-142 என்ற நெடுந்தொலைவுக் கண்காணிப்பு வானூர்திகள் இங்கிருந்து 2017 மார்ச் வரை பறந்தன. அவற்றின் இடத்தை நிரப்ப வாங்கிய அமெரிக்க பி-8ஐ வானூர்திகளில் முதலாவது 2013 மே மாதம் இங்கு வந்து இறங்கியது. சில ஆண்டுகள் ஒரே ஓடுபாதையில் இரண்டும் இயங்கின. இந்தியாவின் படைக்கருவிக் கொள்முதல் மாறிய வரலாற்றை இந்த ஒரு தளமே காட்டுகிறது.

காட்டுப்பள்ளி: சென்னைக்கு வடக்கே எண்ணூரை அடுத்துள்ள இந்தக் கப்பல் கட்டும் தளத்துக்கு 2022 ஆகஸ்ட் 7 அன்று அமெரிக்கக் கடற்படையின் சரக்குக் கப்பலான சார்லசு டுரூ பழுதுபார்ப்புக்காக வந்தது. அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்று இந்தியாவில் பழுதுபார்க்கப்பட்டது இதுவே முதன்முறை. 2023 இல் இத்தளத்தை நடத்தும் லார்சன் அண்டு டூப்ரோ நிறுவனம் அமெரிக்கக் கடற்படையுடன் நீண்டகாலப் பழுதுபார்ப்பு உடன்பாடு செய்துகொண்டது. தளவாட ஒத்துழைப்பு இங்கு வேலைவாய்ப்பாகவும் வணிகமாகவும் மாறியுள்ளது.

சூலூர்: கோயம்புத்தூர் அருகே உள்ள இந்த வான்படைத் தளத்தில் 2024 ஆகஸ்டில் தரங் சக்தி என்ற பன்னாட்டு வான்படைப் பயிற்சியின் முதல் கட்டம் நடைபெற்றது. செருமனி, பிரான்சு, பிரித்தானியா, எசுப்பானியா ஆகிய நாடுகளின் போர் வானூர்திகள் பங்கேற்றன.

குவாட், மலபார், ஒருங்கிணைந்த கடற்படைப் பிரிவுகள்

2017 நவம்பரில் மணிலாவில் நான்கு நாடுகளின் அதிகாரிகள் கூடியபோது குவாட் மீண்டும் உயிர்பெற்றது. 2021 மார்ச் 12 அன்று நான்கு நாட்டுத் தலைவர்களும் முதன்முறையாகக் காணொலி வழியாகக் கூடினர். 2022 மே மாதம் டோக்கியோ மாநாட்டில் கடல்சார் தகவல் பகிர்வுத் திட்டம் அறிவிக்கப்பட்டது. தன் அடையாளக் கருவியை அணைத்துவிட்டுத் திரியும் கப்பல்களையும் சட்டத்துக்குப் புறம்பான மீன்பிடிப்பையும் கண்டறிவது அதன் நோக்கங்களுள் ஒன்று. குவாட்டுக்கு உடன்படிக்கையோ கூட்டுப் படையோ இல்லை. மலபார் பயிற்சி குவாட்டின் நிகழ்ச்சி அன்று. ஆனால் 2015 இல் ஜப்பான் அதில் நிலையான உறுப்பினரானது. 2020 இல் ஆஸ்திரேலியா திரும்பி வந்தது. அதனால் இரண்டிலும் அதே நான்கு நாடுகள் உள்ளன.

ஒருங்கிணைந்த கடற்படைப் பிரிவுகள் அமைப்பு பகுரைனில் அமெரிக்கக் கடற்படை அதிகாரியின் தலைமையில் இயங்குகிறது. கடற்கொள்ளை, போதைப்பொருள் கடத்தல் ஆகியவற்றைத் தடுப்பது அதன் பணி. இந்தியக் கடற்படை 2008 முதல் ஏடன் வளைகுடாவில் தனித்தே சுற்றுக்காவல் செய்துவந்தது; இந்த அமைப்பில் சேரவில்லை. 2022 இல் துணைப் பங்காளியாகி, 2023 நவம்பரில் முழு உறுப்பினரானது. எந்தப் பணியில் எவ்வளவு பங்கேற்பது என்பதை ஒவ்வோர் உறுப்பு நாடும் தானே முடிவு செய்துகொள்ளலாம் என்பது இவ்வமைப்பின் விதி.

எதிர்ப்பும் ஐயங்களும்

லெமோவாவை 2016 இல் காங்கிரசு கட்சியின் அந்தோணியும் இடதுசாரிக் கட்சிகளும் எதிர்த்தனர். அவர்களும் பிற திறனாய்வாளர்களும் எழுப்பிய ஐயங்களை மூன்றாகத் தொகுக்கலாம்.

முதலாவது, பழக்கம் எதிர்பார்ப்பை உண்டாக்கும் என்பது. இன்று பயிற்சிக்கு வரும் கப்பலுக்கு எரிபொருள் தரும் நாடு, நாளை மேற்காசியாவிலோ தைவான் அருகிலோ அமெரிக்கா போரில் இறங்கும்போது மறுக்க முடியுமா? சட்டப்படி மறுக்கலாம். ஆனால் நட்பை முறிக்காமல் மறுப்பது எளிதன்று.

இரண்டாவது, தகவல் தொடர்பானது. பிற நாடு தந்த மறைகுறிக் கருவி வழியாகச் செல்லும் செய்தியை அந்த நாடு அறிய முடியாது என்பதற்கு உறுதிமொழி உண்டு; அதைச் சரிபார்க்கும் திறன் இந்தியாவிடம் முழுமையாக இருக்க வேண்டும். மூன்றாவது, உருசியா தொடர்பானது. இந்தியப் படைகளிடம் உள்ள கருவிகளில் பெரும்பகுதி உருசியத் தயாரிப்பு. அமெரிக்காவை நெருங்கினால் உதிரிப்பாகங்களுக்கு இடர் வருமோ என்று ஐயுற்றனர்.

ஒப்பந்தத்தை ஆதரித்தவர்களும் மூன்று விடை கூறினர். இந்தியப் பெருங்கடலில் சீனக் கடற்படையின் நடமாட்டம் பெருகியுள்ளது. தொலைவான கடலில் இந்தியக் கப்பல்களுக்கும் எரிபொருள் தேவை. பெறும் உரிமை இரு பக்கமும் சமம். 2020 இல் லடாக் எல்லையில் நின்ற வீரர்களுக்கு உறைபனிக் குளிருக்கான உடைகளை அமெரிக்காவிலிருந்து விரைவாகப் பெற லெமோவா உதவியது என்பதை அவர்கள் எடுத்துக்காட்டுவர்.

ஒப்பந்தத்தின் வாசகம் தலைமுறைகளைக் கட்டுப்படுத்தும் என்பது கம்பம் பள்ளத்தாக்குக்குப் புதிய செய்தி அன்று. முல்லைப் பெரியாற்று நீருக்காகத் திருவிதாங்கூருக்கும் சென்னை மாகாண அரசுக்கும் இடையே 1886 இல் எழுதப்பட்ட குத்தகை 999 ஆண்டுக்கானது. எழுதியவர்கள் மறைந்து, எழுதிய அரசுகளும் மறைந்த பின்னும் தேனி மாவட்டத்தின் நெல் வயல்கள் அந்த வாசகத்தைச் சார்ந்தே உள்ளன. 1970 இல் அதில் திருத்தம் செய்யப்பட்டது; பிற்காலத்தில் அணை தொடர்பான வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை சென்றன. எவ்வளவு காலம், யார் செலவு, யாருக்கு என்ன உரிமை ஆகிய வினாக்களைக் கேட்டே எந்த ஒப்பந்தத்தையும் படிக்க வேண்டும். பாதுகாப்பு ஒப்பந்தங்களில் நான்காவதாக ஒரு வினாவும் உண்டு: போர் வந்தால் முடிவெடுப்பவர் யார்?

ஒப்பந்தங்களால் மாறாதவை

அந்த நான்காவது வினாவுக்கு, கையெழுத்துக்குப் பின் நடந்தவையே தெளிவான விடை தருகின்றன.

2018 அக்டோபரில், காம்காசா கையெழுத்தான அடுத்த மாதமே, இந்தியா உருசியாவிடம் எஸ்-400 வான்காப்பு ஏவுகணைகளை வாங்க ஒப்பந்தம் செய்தது. அமெரிக்கச் சட்டப்படி இது தடை விதிக்கத்தக்க செயல். இதே ஏவுகணையை வாங்கிய துருக்கி மீது 2020 திசம்பரில் அமெரிக்கா தடை விதித்தது. துருக்கி அமெரிக்காவின் படைக்கூட்டணி நாடு. கூட்டணியில் இல்லாத இந்தியா மீது அத்தடை விதிக்கப்படவில்லை.

2021 ஏப்ரல் 7 அன்று, அமெரிக்கப் போர்க்கப்பல் சான் பால் சோன்சு இலட்சத்தீவுக்கு மேற்கே 130 கடல் மைல் தொலைவில், இந்தியாவின் தனிப்பொருளாதார மண்டலத்தில் முன் ஒப்புதல் பெறாமல் கடந்து சென்றது. அதை அமெரிக்கக் கடற்படை வெளிப்படையாக அறிவித்தது. தன் மண்டலத்தில் ஒப்புதல் இன்றிப் படைப் பயிற்சி நடத்தக் கூடாது என்பது இந்தியாவின் நிலைப்பாடு. அதை அமெரிக்கா ஏற்பதில்லை. வெளியுறவு அமைச்சகம் தன் கவலையைத் தெரிவித்தது. நான்கு ஒப்பந்தங்களும் நடைமுறையில் இருந்த காலத்திலேயே இது நிகழ்ந்தது.

2022 மார்ச் 2 அன்று உக்ரைன் மீதான உருசியப் படையெடுப்பைக் கண்டித்து ஐ.நா. பொதுப் பேரவையில் தீர்மானம் வந்தது. 141 நாடுகள் ஆதரித்தன; 5 எதிர்த்தன; இந்தியா உள்ளிட்ட 35 நாடுகள் வாக்களிக்கவில்லை. குவாட் நாடுகளில் அவ்வாறு ஒதுங்கியது இந்தியா மட்டுமே. உருசியாவிலிருந்து கச்சா எண்ணெய் வாங்குவதைக் காரணமாகக் கூறி 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீது கூடுதல் வரி விதித்ததால் மொத்த வரி 50 விழுக்காடானது. ஆயினும் அதே ஆண்டு அக்டோபர் 31 அன்று கோலாலம்பூரில் இரு நாடுகளும் அடுத்த பத்தாண்டுக்கான பாதுகாப்புக் கட்டமைப்பில் கையெழுத்திட்டன.

இந்நிகழ்ச்சிகளிலிருந்து இரண்டு செய்திகள் தெரிகின்றன. ஒப்பந்தங்கள் இந்தியாவின் முடிவெடுக்கும் உரிமையைப் பறிக்கவில்லை. அதேபோல், அவை இந்தியாவுக்கு அமெரிக்காவின் ஆதரவை உறுதி செய்யவும் இல்லை.

பிற நாடுகளின் பட்டறிவு

1994 சனவரியில் நேட்டோ அமைப்பு, உறுப்பினர் அல்லாத நாடுகளுக்காக அமைதிக்கான பங்காண்மை என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஒவ்வொரு நாடும் எந்த அளவுக்கு ஒத்துழைப்பது என்பதைத் தானே தேர்ந்துகொள்ளலாம். சுவீடனும் பின்லாந்தும் 1994 இலும், ஆஸ்திரியா 1995 இலும், சுவிட்சர்லாந்து 1996 இலும், அயர்லாந்து 1999 இலும் சேர்ந்தன. மால்ட்டா 1995 இல் சேர்ந்து, ஆட்சி மாறியதும் 1996 இல் விலகி, 2008 இல் மீண்டும் சேர்ந்தது.

இவற்றின் பாதைகள் பிரிந்தன. உருசியாவின் உக்ரைன் படையெடுப்புக்குப் பின் பின்லாந்து 2023 ஏப்ரலிலும் சுவீடன் 2024 மார்ச்சிலும் நேட்டோவின் முழு உறுப்பினர்களாயின. ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, அயர்லாந்து, மால்ட்டா ஆகியவை அதே திட்டத்தில் இருந்துகொண்டே நடுநிலை நாடுகளாகத் தொடர்கின்றன. ஒத்துழைப்பின் முதல் படியில் ஏறிய எல்லா நாடுகளும் கூட்டணி என்ற மேல்படிக்குச் செல்வதில்லை என்பதும், சூழல் மாறினால் சில நாடுகள் செல்லக்கூடும் என்பதும் இதனால் விளங்கும்.

அணிசேரா நாடான இலங்கையும் 2007 மார்ச் 5 அன்று அமெரிக்காவுடன் தளவாட ஒப்பந்தம் செய்துகொண்டது.

தற்போதைய நிலை

இந்தியா இத்தகைய தளவாட ஒப்பந்தங்களைப் பிரான்சு, ஆஸ்திரேலியா, ஜப்பான் முதலிய நாடுகளுடனும் செய்துள்ளது. பிரான்சுடன் 2018 மார்ச்சிலும், ஆஸ்திரேலியாவுடன் 2020 சூனிலும், ஜப்பானுடன் 2020 செப்டம்பரிலும் அவை கையெழுத்தாயின. 2025 பிப்ரவரியில் உருசியாவுடனும் ஒரு தளவாட ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒன்றுக்கொன்று பகையான இரு வல்லரசுகளுடன் ஒரே காலத்தில் இவ்வகை ஒப்பந்தம் வைத்திருப்பது, இந்தியா இவற்றைக் கூட்டணியாகக் கருதவில்லை என்பதற்குச் சான்று.

அணிசேராமை என்ற சொல்லின் இடத்தில் இன்று உத்திசார் தன்னாட்சி என்ற தொடர் பெரிதும் வழங்குகிறது. காம்காசாவின் பத்தாண்டுக் காலம் 2028 இல் நிறைவடைகிறது. முதல் கையெழுத்துக்கு முன் எழுந்த அதே வினாக்கள் அப்போதும் மேசைக்கு வரும்.